ஓஹாயோவில் தீம் பார்க் வேலைக்குக் கடிதம் வந்திருக்கிறது. காசு கட்ட முன்னம் என்ன பார்க்க வேண்டும்?

கொக்குவில்_பிள்ளை:
எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணம் கம்பஸில் மூன்றாம் வருடம். அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக் கரையில் இருக்கிற சண்டஸ்கி என்ற ஊரில் ஒரு பெரிய தீம் பார்க்கில் மாணவர் வேலைக்குத் தெரிவாகியிருக்கிறேன். சம்மர் வேர்க் அண்ட் ட்ரவல் என்ற ஜே-1 விசா. சாப்பாட்டுக் கடைப் பிரிவு. கொழும்பில் ஒரு ஏஜென்சி மூலமாகத்தான் எல்லாம் நடக்கிறது. மொத்தமாக ஐந்தரை இலட்சம் கேட்கிறார்கள், விமான ரிக்கெற் தனி. முதல் பாதியை இந்த மாதத்துக்குள் கட்டட்டாம்.

அம்மாவுக்கு அரை மனம். அப்பாவுக்கு, அமெரிக்கா என்றதும் முழு மனம். போய் வந்தவர்கள், விசா எடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். என்னென்ன ஆயத்தம் செய்ய வேண்டும்? உடுப்பு, சாப்பாடு முதல் இன்ரர்வியூ வரை எதுவும் தெரியாது.

பலாலி_ரோட்டு:
உடுப்பைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஒரு கேள்வி. உங்கள் ஸ்பொன்சர் யார்? ஏஜென்சியின் பெயரைக் கேட்கவில்லை. ஜே-1 விசாவுக்கு அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் அங்கீகரித்த ஒரு ஸ்பொன்சர் நிறுவனம் இருக்க வேண்டும். அவர்கள்தான் டி.எஸ்-2019 என்ற படிவத்தைத் தருவார்கள். அது இல்லாமல் எம்பசிக்குள் போய்ப் பயனில்லை. கொழும்புக்காரர் அந்த ஸ்பொன்சருக்கு உள்ளூரில் ஆள் பிடித்துக் கொடுப்பவர், அவ்வளவுதான்.

அங்கீகரிக்கப்பட்ட ஸ்பொன்சர்களின் பட்டியல் வெளியுறவுத் திணைக்களத்தின் ஜே-1 தளத்தில் எல்லோருக்கும் தெரிய இருக்கிறது. பெயரை அதில் தேடுங்கள். பிறகு ஸ்பொன்சருக்கே நேராக மின்னஞ்சல் போட்டு, "கொழும்பில் இன்னார் உங்கள் பிரதிநிதியா?" என்று கேளுங்கள். ஏஜென்சி தரும் மின்னஞ்சல் முகவரிக்குப் போடாதீர்கள், ஸ்பொன்சரின் தளத்தில் உள்ள முகவரிக்குப் போடுங்கள்.

இன்னொன்று. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற முகவருக்கு 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் வேண்டும். "இது வேலை இல்லை, மாணவர் பரிமாற்றம்" என்று சொல்லிச் சிலர் நழுவுவார்கள். பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு ஒரு கோல் எடுத்து ஏஜென்சியின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

மானிப்பாய்_மச்சான்:
ஐந்தரை இலட்சம் கொடுத்து பர்கர் மடிக்கப் போவதா? கஸ்தூரியார் வீதியில் ரோல் சுருட்டினால் அவர்களே காசு தருவார்களே.

பலாலி_ரோட்டு:
மச்சான், பிள்ளை பயந்துபோய் வந்து கேட்கிறது. பகிடியைக் கொஞ்சம் குறையும்.

கொக்குவில்_பிள்ளை:
நன்றி அண்ணா. ஸ்பொன்சரின் பெயர் பட்டியலில் இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். மின்னஞ்சலும் போட்டுவிட்டேன்.

வேலைக் கடிதத்தில் உள்ளவை இவை: மணித்தியாலத்துக்கு 11 டொலர், பார்க்கின் விடுதியில் தங்கலாம், வாரம் 95 டொலர் வாடகை சம்பளத்தில் கழிப்பார்கள், ஓர் அறையில் நான்கு பேர். எத்தனை மணித்தியாலம் வேலை என்று எழுதவில்லை. ஏஜென்சியில் கேட்டதற்கு, "அது தாராளமாகக் கிடைக்கும் தங்கச்சி, ஓவர்டைம் வேறு இருக்கு" என்றார்கள்.

ஏரிக்கரை:
தங்கச்சி, நான் அதே விசாவில் அதே மாநிலத்தில் ஒரு பார்க்கில் வேலை செய்தவள். எது என்று சொல்ல மாட்டேன். உங்களுடைய இடத்தைப் பற்றித் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சண்டஸ்கியில் பெரிய பார்க் என்றால் சீடர் பொயின்ற்தான். 1870இல் குளிக்கிற கடற்கரை மாதிரித் தொடங்கிய இடம், ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு நிலத்துண்டு. 2000இல் கட்டிய மில்லேனியம் ஃபோஸ் என்ற ரோலர் கோஸ்டர் 310 அடி உயரம். சனம் அதற்காகவே மாநிலம் விட்டு மாநிலம் வரும். ஆனால் நீங்கள் அதில் ஏறுவது லீவு நாளில்தான். மற்ற நாட்களில் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஃப்ரைஸ் பொரிக்க வேண்டும்.

இப்போது மணித்தியாலம். இந்தத் திட்டத்தின் உயிரே அதுதான். ஏஜென்சி சொன்ன "தாராளம்" எந்தத் தாளிலும் இல்லை. சீசன் தொடங்குகிற மே மாதத்தில் பார்க் கிழமை முழுக்கத் திறந்திருக்காது, அப்போது மணித்தியாலம் குறையும். மழை பெய்தால் சனம் வராது, "வீட்டுக்குப் போக விருப்பமானவர்கள் போகலாம்" என்று அனுப்புவார்கள். போன நேரத்துக்குச் சம்பளம் இல்லை. ஜூலையில் மறுபக்கம், நிற்க நேரமிருக்காது.

ஓவர்டைம் கதையை அப்படியே நம்ப வேண்டாம். அமெரிக்காவில் வாரத்தில் 40 மணித்தியாலத்துக்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு சம்பளம் என்பது பொதுச் சட்டம். ஆனால் வருடத்தில் ஏழு மாதத்துக்கு மேல் இயங்காத பொழுதுபோக்கு இடங்களுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. ஓஹாயோ பார்க்குகள் குளிர்காலத்தில் பூட்டுகிறவை. ஆகவே 50 மணித்தியாலம் செய்தாலும் பத்து மணித்தியாலத்துக்கு அதே 11 டொலர்தான் கிடைக்கக்கூடும். நான் வேலை செய்த இடத்தில் அப்படித்தான். கூடவந்த ஒரு பிள்ளை ஒன்றரை மடங்கை நம்பிக் கடன் வாங்கிவிட்டு வந்து, முதல் பேஸ்லிப்பைப் பார்த்து அழுதது.

ஸ்பொன்சரிடம் எழுத்தில் கேளுங்கள்: வாரத்துக்குச் சராசரி எத்தனை மணித்தியாலம், ஓவர்டைம் எந்தக் கணக்கில், விடுதியில் சமைக்கலாமா, விடுதிக்கு முற்பணம் உண்டா, வேலை முடிய முன்னம் விட்டால் என்ன பிடிப்பார்கள். ஏஜென்சிக்குக் கட்டுகிற காசுக்கும் ஒவ்வொன்றாகப் பிரித்து ஒரு விபரம் கேளுங்கள். ஸ்பொன்சர் கட்டணம் எவ்வளவு, காப்புறுதி எவ்வளவு, இவர்களுடைய கூலி எவ்வளவு என்று. தர மறுக்கிறவரிடம் காசு கட்டாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
மணித்தியாலத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். டொலரை 310 ரூபாவாக எடுக்கிறேன்.

போகும் செலவு: ஏஜென்சிக்கு ஐந்தரை இலட்சம், சுமார் 1,775 டொலர். விசாக் கட்டணம் 185. செவிஸ் (மாணவர், பரிமாற்ற விசாக்காரரைப் பதிந்து வைக்கிற அமெரிக்க அரசின் முறை) கட்டணம் இந்தத் திட்டத்துக்கு 35, மற்றப் பெரும்பாலான ஜே-1 பிரிவுகளுக்குத்தான் 220. இந்த இரண்டும் ஐந்தரை இலட்சத்துக்குள் அடங்குமா என்று கேளுங்கள், நான் வெளியே வைக்கிறேன். ரிக்கெற் போகவர 1,400 என்று வையுங்கள். எல்லாம் சேர 3,395.

வரவு: 11 டொலர் வீதம் 40 மணித்தியாலம், 440. மத்திய வரி பத்து வீதம் 44. வாடகை 95. சாப்பாடு, பஸ், போன் எல்லாம் இறுக்கிப் பிடித்தால் 75. மிச்சம் 226. பதினைந்து வாரத்துக்கு 3,390.

போன காசு வந்த காசோடு சரி. ஐந்து டொலர் நட்டம். அதே வேலை வாரம் 32 மணித்தியாலம் என்றால் மிச்சம் 147தான், பதினைந்து வாரத்துக்கு 2,205. கிட்டத்தட்ட 1,200 டொலரைக் கையிலிருந்து போட வேண்டும். மாநில வரியையும் நகர வரியையும் நான் சேர்க்கவேயில்லை.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. உழைத்து அனுப்பப் போகிறேன் என்று வீட்டில் சொல்லாதீர்கள். நகையை அடகு வைத்துப் போகாதீர்கள்.

மானிப்பாய்_மச்சான்:
கணக்குப்பிள்ளை, உம்முடைய கணக்கைப் பார்த்தபிறகு என் பகிடியே பரவாயில்லை போலக் கிடக்கு.

ஏரிக்கரை:
கணக்கு சரி. ஆனால் இரண்டு இடத்தில் அசையும். ஒன்று, ஸ்பொன்சரின் அனுமதி எடுத்து இரண்டாவது வேலை செய்யலாம். சண்டஸ்கியைச் சுற்றி ஹோட்டலும் உள்ளக நீர்ப் பூங்காக்களும் நிறைய. அனுமதி எடுக்காமல் பக்கத்துக் கடையில் இரவு நின்றால் திட்டத்திலிருந்தே தூக்கிவிடுவார்கள், அந்த விளையாட்டு வேண்டாம்.

மற்றது ஃபிக்கா. சோஷல் செக்கியூரிட்டி என்ற ஓய்வூதியத்துக்கும் மெடிகேயர் என்ற முதியோர் மருத்துவக் காப்புக்கும் சேர்த்துச் சம்பளத்தில் 7.65 வீதம் பிடிக்கிற கழிவு அது. ஜே-1 மாணவர்களுக்கு அது இல்லை. ஆனால் சம்பளப் பகுதியில் உள்ளூர்ப் பிள்ளைகளோடு சேர்த்து உங்களுக்கும் பிடித்துவிடுவார்கள். 440க்கு வாரம் 33 டொலர் சொச்சம், பதினைந்து வாரத்துக்கு ஐந்நூறு டொலர். முதல் பேஸ்லிப் வந்த அன்றே பாருங்கள். பிடித்திருந்தால் உடனே சொல்லித் திருத்தலாம், ஊருக்கு வந்தபிறகு ஐ.ஆர்.எஸ் என்ற அமெரிக்க வரித் திணைக்களத்துக்கு 843ஆம் படிவம் போட்டுக் காத்திருப்பது தலையிடி.

ஸ்காபரோ_பெரியம்மா:
பிள்ளை, சண்டஸ்கிக்கு நேர் அக்கரை ஒன்ராறியோதான். உங்களுக்கு இங்கே சொந்தக்காரர் இருந்தால் வந்து பார்த்துவிட்டுப் போகலாமே? எங்கட தம்பியின் மகளும் நியூயோர்க்கில் படிக்கிற காலத்தில் லீவுக்கு இங்கேதான் வந்து நின்றவள். ஒரு கிழமை வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனவள்.

கொக்குவில்_பிள்ளை:
ஓம் பெரியம்மா, மாமா குடும்பம் பிரம்டனில். அவரும் அதைத்தான் சொல்கிறார். "வந்தால் வா, பிறகு மற்றதைப் பார்க்கலாம்" என்று. அந்த "மற்றது" தான் அம்மாவுக்குப் பயம்.

பலாலி_ரோட்டு:
அம்மாவின் பயம் நியாயமானது.

கனடாவுக்குப் போக இலங்கைக் கடவுச்சீட்டுக்குத் தனியாகக் கனடா விசா வேண்டும். அமெரிக்க விசாவைக் காட்டிப் பாலம் கடக்க முடியாது. அந்த விசா கிடைத்துப் போனாலும், திரும்ப அமெரிக்காவுக்குள் வர டி.எஸ்-2019இல் ஸ்பொன்சரின் பயணக் கையொப்பம் இருக்க வேண்டும். வேலை முடிந்தபிறகு ஊர் சுற்ற 30 நாள் தருவார்கள், அதற்குள் வேலை செய்ய முடியாது. அந்த 30 நாளில் கனடாவுக்குப் போனால் அதே விசாவில் மறுபடி அமெரிக்காவுக்குள் வரலாம் என்று நினைக்காதீர்கள். ரிக்கெற் அமெரிக்காவிலிருந்து என்றால் மாட்டிக்கொள்வீர்கள்.

மாமாவின் "மற்றதை"ப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஒரு கம்பஸிலிருந்து ஒருவர் போய் மறைந்தால் அடுத்த வருடம் அதே கம்பஸிலிருந்து போகிற பிள்ளைகளை எம்பசியில் எந்தக் கண்ணால் பார்ப்பார்கள்?

ஸ்காபரோ_பெரியம்மா:
நான் அப்படி நினைத்துச் சொல்லவில்லை தம்பி. சாப்பாட்டைத்தான் சொன்னேன்.

பலாலி_ரோட்டு:
தெரியும் பெரியம்மா, உங்களைச் சொல்லவில்லை.

வெள்ளவத்தை_வாசி:
இன்ரர்வியூ பற்றிச் சொல்கிறேன், நான் வேறு ஜே-1 பிரிவில் எடுத்தவன். டி.எஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தை நீங்களே நிரப்புங்கள். ஏஜென்சிக்காரர் நிரப்பினால் அவர் என்ன எழுதினார் என்று உங்களுக்குத் தெரியாது, எம்பசியில் கேட்கப்போவது உங்களை. கனடாவிலோ அமெரிக்காவிலோ சொந்தக்காரர் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். மாமா இருப்பது குற்றமில்லை, மறைப்பதுதான் பிழை.

2025 ஜூன் முதல் மாணவர், பரிமாற்ற விசாக்காரர்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்கச் சொல்கிறார்கள். கணக்குப் பெயர்களையும் படிவத்தில் எழுத வேண்டும். மாமாவோடு ஃபேஸ்புக்கில் "வந்தால் திரும்பிப் போகாதே" என்று பகிடிக் கொமென்ற் ஏதும் இருந்தால், அதை அவர்களும் வாசிப்பார்கள்.

அமெரிக்கச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. நீங்கள் அங்கேயே தங்க வருகிறீர்கள் என்றுதான் அதிகாரி ஆரம்பத்தில் எடுத்துக்கொள்வார், இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. காணி உறுதி, வங்கிப் புத்தகம் என்று கட்டுக்கட்டாகக் கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். மாணவருக்கு அதைவிடப் பெறுமதியானது கம்பஸ் கடிதம்: முழுநேர மாணவர், இத்தனையாம் வருடம், விடுமுறை இந்தத் திகதி முதல் இந்தத் திகதி வரை, அடுத்த செமஸ்ரர் தொடங்கும் திகதி இது. அதிகாரி இரண்டு மூன்று நிமிடம்தான் பேசுவார். என்ன படிக்கிறீர்கள், என்ன வேலை, ஏன் திரும்பி வருவீர்கள். ஆங்கிலத்திலேயே பேசுங்கள், இந்தத் திட்டத்துக்கு ஆங்கிலம் ஒரு நிபந்தனை.

இரவு பஸ்ஸில் வந்து காலையில் நேரே எம்பசி வாசலுக்குப் போகாதீர்கள். முதல்நாளே வந்து யாராவது வீட்டில் தங்குங்கள். கோட்டையிலிருந்து 100, 101 பஸ் எல்லாம் காலி வீதியால் கொள்ளுப்பிட்டிக்குப் போகும். போனும் பையும் உள்ளே விடமாட்டார்கள், கூட ஒருவர் வந்தால் நல்லது. படம் இரண்டு அங்குலச் சதுரம், கண்ணாடி போடக் கூடாது.

கொக்குவில்_பிள்ளை:
கம்பஸ் கடிதத்தில்தான் எனக்குச் சிக்கல். எங்கள் பீடத்தில் எப்போது விடுமுறை என்று யாருக்கும் தெரியாது. கொரோனாவில் தொடங்கி எல்லா அட்டவணையும் இழுபட்டு, இப்போது செமஸ்ரர் நடுவில் ஒரு இடைவெளி, பரீட்சைக்குப் பிறகு ஒரு இடைவெளி. நீண்ட விடுமுறை என்று ஒன்று இருக்குமா என்றே தெரியவில்லை.

ஏரிக்கரை:
இது எங்கள் நாட்டுக்கே உரிய பிரச்சினை. இதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும், காசு கட்டுவதற்கும் முன்னம். இந்தத் திட்டம் கூடியது நான்கு மாதம், அதுவும் சொந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தின் நீண்ட விடுமுறைக்குள். பரீட்சை நடுவில் வந்தால் கம்பஸ் உங்களுக்காகத் தள்ளிப்போடாது. பீடத்தின் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். நேரே போய் நில்லுங்கள், போனில் சரிவராது. கடிதம் ஆங்கிலத்தில், திகதிகளோடு.

திகதி சரிவராவிட்டால் ஒரு வழி இருக்கிறது: இறுதி வருடம் முடிந்த உடனே வரும் விடுமுறையிலும் இந்தத் திட்டத்தில் போகலாம். அவசரப்படத் தேவையில்லை.

ஹோட்டல் மனேஜ்மென்ற் படிக்கிற வேறு பிள்ளைகள் இதை வாசித்தால் ஒரு வார்த்தை. உங்களுக்கு ஜே-1 இன்ரேன் (பயிற்சி மாணவர்) என்ற பிரிவு பொருந்தக்கூடும். அது பன்னிரண்டு மாதம் வரை போகும். டி.எஸ்-7002 என்ற பயிற்சித் திட்டம் வேண்டும், ஆறு மாதமோ அதற்கு மேலோ என்றால் குறைந்தது மூன்று பகுதிகளில் மாற்றி மாற்றிப் பயிற்சி தர வேண்டும். அந்தத் தாளில் கையொப்பம் வைத்துவிட்டு முழு வருடமும் ஒரே ஃப்ரையருக்கு முன்னால் நிறுத்தினால் ஸ்பொன்சருக்கு முறைப்பாடு செய்யலாம்.

யாஸ்_தீவு:
அபுதாபியிலிருந்து எழுதுகிறேன். இங்கே யாஸ் தீவில் ஃபெராரி வேர்ல்ட், வோர்னர் பிரதேர்ஸ், 2023இல் திறந்த சீவேர்ல்ட் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். வெயிலுக்காக அவற்றில் பலது கூரைக்குக் கீழே குளிரூட்டிய இடங்கள். எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கத்தைய சட்டப்படி ஆள் எடுக்கிற செலவை வேலை தருபவர்தான் ஏற்க வேண்டும், தொழிலாளியிடம் வாங்கக் கூடாது. ஐந்தரை இலட்சத்தைக் கேட்டதும் சொல்லத் தோன்றியது.

ஏரிக்கரை:
உண்மைதான். ஆனால் அங்கே போனால் வேலைக்கு ஆள், கம்பஸை விட்டுவிட்டுப் போக வேண்டும். இது லீவுக்குப் போய் வருவது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

தங்கச்சி ஆயத்தம் பற்றித்தான் முதலில் கேட்டது. அதற்கு இப்போது வருகிறேன்.

ஆங்கிலம். நாங்கள் எழுதுவோம், இலக்கணம் தெரியும், கேட்கத் தெரியாது. கவுண்டரில் நிற்கும்போது பின்னால் இசை, மேலே ரோலர் கோஸ்டர், முன்னால் நான்கு பிள்ளைகளோடு ஒரு தாய், அவர் ஒரே மூச்சில் ஏழு சாமான் சொல்வார். "ஃபோ ஹியர் ஓர் டு கோ" என்பதே முதல் நாளில் எனக்கு ஒரே சொல்லாகக் கேட்டது. இப்போதிருந்தே அமெரிக்கர்கள் கடையில் பேசுகிற காணொளிகளைக் கீழே ஓடுகிற எழுத்து இல்லாமல் கேளுங்கள். விளங்காவிட்டால் தலையாட்டாதீர்கள், திரும்பக் கேளுங்கள். எங்கள் தலையாட்டல் அங்கே "இல்லை" என்று போய்விடும், கொக்காகோலா கேட்ட ஒருவருக்கு நான் ஓம் என்று தலையாட்ட, அவர் இல்லை என்கிறேன் என்று நினைத்துக் கோபித்தார்.

காசு. பத்து சத டைம், ஐந்து சத நிக்கலைவிடச் சின்னது. எத்தனையோ பேர் அதில் தடுமாறுவார்கள். பலகையில் எழுதிய விலைக்கு மேல் கல்லாவில் விற்பனை வரி ஏறும். 05/06 என்றால் மே ஆறு. வெப்பநிலை ஃபரன்ஹைட்டில், 90 என்றால் எங்கள் 32.

நிற்பது. எட்டு மணித்தியாலம், சில நாள் பத்து. வழுக்காத கறுப்புச் சப்பாத்து வாங்கி, போக முன்னமே ஒரு மாதம் போட்டு நடந்து பழகுங்கள். புதுச் சப்பாத்தோடு முதல் கிழமை நின்றவர்களின் குதிக்காலை நான் பார்த்திருக்கிறேன்.

குளிர். "கோடைதானே" என்று போகாதீர்கள். மே மாத இரவில் ஏரிக்காற்றோடு எங்கள் கணக்கில் (செல்சியஸ்) பத்துப் பாகைக்குக் கீழே போகும். மார்கழிப் பனிக்கே மப்ளர் கட்டுகிற சனம் நாங்கள். ஒரு தடித்த ஜக்கெற் காணும், மிச்சத்தை அங்கே பழைய உடுப்புக் கடையில் மலிவாக எடுக்கலாம்.

கொக்குவில்_பிள்ளை:
அக்கா, சாப்பாட்டுப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். கோஸ்டர் இயக்குகிற வேலைக்கு மாறலாமா? அது கொஞ்சம் கௌரவமாக இருக்கும் என்று அப்பா சொல்கிறார்.

ஏரிக்கரை:
அப்பாவுக்கு என் வணக்கம். கோஸ்டரில் நிற்கிறவர் செய்வதும் ஒரே வேலைதான்: ஒவ்வொரு இருக்கையின் பிடிக்கம்பியையும் இழுத்துப் பார்ப்பது, பெருவிரலைக் காட்டுவது, அடுத்த வண்டி. வெயிலில். நாள் முழுக்க. இடையில் 48 அங்குலம் வராத பிள்ளையை இறக்கிவிட்டு, தகப்பனிடம் பேச்சு வாங்க வேண்டும். இடி மின்னல் வந்தால் எல்லாவற்றையும் நிறுத்தி, வரிசையில் ஒரு மணித்தியாலம் நின்றவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். சாப்பாட்டுப் பிரிவில் குறைந்தது கூரை இருக்கிறது, பசிக்காது.

மாற விரும்பினால் அங்கே போய்ச் சேர்ந்தபின் மேற்பார்வையாளரிடம் கேட்கலாம். வேலை தருபவரையே மாற்றுவதென்றால் ஸ்பொன்சரிடம் முதலில் அனுமதி எடுக்க வேண்டும்.

நெல்லியடி_தாய்:
நானும் ஒரு பெண்பிள்ளையின் தாய். இந்தப் பிள்ளையின் அம்மா கேட்க நினைப்பதை நான் கேட்கிறேன். நான்கு பேர் ஓர் அறையில் என்றால் யார் யார்? வருத்தம் வந்தால் யார் பார்ப்பது? பிரச்சினை என்றால் யாரிடம் சொல்வது?

ஏரிக்கரை:
அம்மா, அறைகள் ஆண், பெண் தனித்தனி. என்னோடு இருந்தவர்கள் வேறு வேறு நாட்டுப் பிள்ளைகள், ஒருத்தி இன்றுவரைக்கும் பேசுவாள். அலுமாரிக்குப் பூட்டு ஒன்று கொண்டு போகச் சொல்லுங்கள்.

வருத்தத்துக்குக் காப்புறுதி கட்டாயம். ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது ஒரு இலட்சம் டொலர் வரை இருக்க வேண்டும் என்பது விதி, முதலில் நாங்கள் கட்டுகிற பங்கு 500 டொலரைத் தாண்டக் கூடாது. ஆனால் பல்லு, ஏற்கனவே இருக்கிற நோய் எல்லாம் பெரும்பாலும் அதற்குள் வராது. பல்லு வேலை இருந்தால் இங்கேயே முடித்துவிட்டுப் போக வேண்டும். அங்கே ஒரு பல்லுக்குக் கொடுக்கிற காசில் இங்கே குடும்பத்துக்கே பல்லுக் கட்டலாம்.

ஸ்பொன்சர் மாதம் ஒருமுறை பிள்ளையைத் தொடர்புகொண்டு விசாரிக்க வேண்டும், அதுவும் விதி. அதற்கு மேல் வெளியுறவுத் திணைக்களத்துக்கே ஜே-1 மாணவர்களுக்கென்று அவசரத் தொலைபேசி இருக்கிறது. விசா இன்ரர்வியூவில் வில்பர்ஃபோஸ் என்ற உரிமைக் கையேடு ஒன்று தருவார்கள், வாசித்தீர்களா என்றும் கேட்பார்கள். பலர் தலையாட்டிவிட்டுப் பையில் போடுவார்கள். கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைக்க முடியாது என்பது உட்பட எல்லாம் அதில் இருக்கிறது. அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து வாசியுங்கள்.

நெல்லியடி_தாய்:
நன்றி பிள்ளை. சாப்பாடு?

ஏரிக்கரை:
கறித்தூள், இரசப்பொடி, மாசிக் கருவாடு கொண்டு போகலாம், விமான நிலையத்தில் சாப்பாட்டுச் சாமான் இருக்கிறது என்று எழுதிக் காட்ட வேண்டும். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், இறைச்சி எதுவும் வேண்டாம், பறித்துவிடுவார்கள், எழுதாமல் கொண்டு போனால் தண்டமும் அடிப்பார்கள். சமையலறை விடுதிக்கு விடுதி வேறுபடும், சில இடத்தில் மைக்ரோவேவ் மட்டும்தான். அப்படியென்றால் கறித்தூளும் வீண்.

கணக்குப்பிள்ளை:
இன்னும் ஒன்று. முதல் சம்பளம் கைக்கு வர இரண்டு மூன்று கிழமை போகும். சோஷல் செக்கியூரிட்டி இலக்கத்துக்கு, போய்ச் சேர்ந்ததை ஸ்பொன்சரிடம் பதிந்து சில நாள் கழித்துத்தான் விண்ணப்பிக்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. இலக்கம் வராததற்காகச் சம்பளத்தை நிறுத்தி வைக்க முடியாது. ஆனாலும் கையில் ஐந்நூறு, அறுநூறு டொலர் இல்லாமல் ஏறாதீர்கள். அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருடம் தை மாதக் கடைசிக்குள் டபிள்யூ-2 என்ற சம்பளச் சீட்டு தயாராகும். அதை இணையத்தில் எடுக்க ஒழுங்கு செய்துவிட்டு வாருங்கள், ஓஹாயோ விடுதி முகவரிக்குப் போனால் தொலைந்தது. சித்திரை (ஏப்ரல்) 15க்கு முன்னம் 1040-என்.ஆர் என்ற வருமான வரிப் படிவம் போட வேண்டும். கூடப் பிடித்த வரி இருந்தால் திரும்ப வரும்.

கொக்குவில்_பிள்ளை:
எல்லோருக்கும் நன்றி. இன்றைய நிலவரம்: ஸ்பொன்சர் பதில் போட்டிருக்கிறார்கள். கொழும்பு ஏஜென்சி அவர்களுடைய பிரதிநிதிதான். மணித்தியாலம் பருவம் முழுக்கச் சராசரி 32 முதல் 38 வரை. ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு இல்லை. விடுதியில் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு பொதுச் சமையலறை. கட்டண விபரத்தை ஏஜென்சியில் கேட்டேன், ஸ்பொன்சருக்குப் போவது பாதிக்கும் குறைவு. குறைக்க முடியுமா என்று அப்பா பேசப் போகிறார்.

பதிவாளர் அலுவலகத்தில் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். திகதி சரிவராவிட்டால் இறுதி வருடம் முடியப் போவதென்று வீட்டில் முடிவு. அம்மாவும் அதற்குச் சம்மதம்.

கடைசியாக ஒன்று, என் கடவுச்சீட்டு இந்த வருடக் கடைசியில் முடிகிறது. வவுனியாவுக்குத்தான் போக வேண்டுமா?

பலாலி_ரோட்டு:
தேவையில்லை. 2025 செப்ரெம்பரில் யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே (மாவட்டச் செயலகத்தில்) கடவுச்சீட்டு அலுவலகம் திறந்துவிட்டார்கள். டி.எஸ்-2019 அடிக்க முன்னம் புதுக் கடவுச்சீட்டை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு படிவத்திலும் பழைய இலக்கம் போய்விடும். பிறப்புச் சான்றிதழ் தமிழில் என்றால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். பெயர் எழுத்துக்கூட்டு கடவுச்சீட்டில் உள்ளது போலவே இருக்கட்டும்.

மானிப்பாய்_மச்சான்:
அப்பா பேசி எவ்வளவு குறைத்தார் என்று வந்து சொல்லுங்கோ தங்கச்சி. என் தம்பிக்காரனும் இப்போது கேட்கத் தொடங்கிவிட்டான்.